விமானத்தை ஓட்டுவது யார்?

பைலட் இல்லாத விமானத்தில் ஏறுவீர்களா?

2017-ல் யூபிஎஸ் என்கிற சுவிஸ் வங்கி சுமார் 8000 பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டது. 54 சதவீதம் பேர் ஏறுவது சந்தேகம்தான் என்றார்கள். ஏறலாம் என்றவர்கள் வெறும் 17 சதவீதம். டிக்கெட்டை மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். ஒரு வங்கிக்கு இதில் என்ன அக்கறை? வேறென்ன, காசுதான். பைலட் இல்லாமல் பறந்தால் விமானத் துறைக்கு வருடத்துக்கு சுமார் 35 பில்லியன் டாலர் மிச்சம் என்று அதே வங்கி கணக்குப் போட்டு வைத்திருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், "வேண்டவே வேண்டாம்" என்று சொன்னவர்கள் ஏற்கெனவே இயந்திரத்தை நம்பித்தான் பறந்துகொண்டிருக்கிறார்கள். விமானம் மேலே ஏறிய சில நிமிடங்களில் ஆட்டோபைலட் போடப்படும். அதன்பின் இறங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்புவரை பைலட்டுக்கு மேற்பார்வை வேலைதான். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகிற பயணத்தில் பைலட்டின் கை கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்திருக்கும் நேரத்தை எண்ணினால், ஒரு காபி குடித்து முடிக்கிற நேரம் தேறும். மூடுபனி அதிகமாக இருந்தால் இறக்குவதும் கம்ப்யூட்டராகவே இருக்கலாம். கீழே இறங்கியதும் கைதட்டு வாங்குவது மட்டும் பைலட் :-)

அப்படியானால் இவ்வளவு நம்பிக்கையை இயந்திரத்துக்கு யார், எப்போது கொடுத்தார்கள்?

ஒரே நாளில் யாரும் கொடுக்கவில்லை. அறிமுகமில்லாத ஆளுக்கு வங்கி கடன் கொடுப்பது போலத்தான். முதலில் சின்னத் தொகை, அதுவும் ஜாமீனோடு. ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் கொஞ்சம் பெரிய தொகை. வருடங்கள் ஓடும். மேனேஜர் மாறுவார். புதிய மேனேஜருக்கு அந்த ஆள் "நம்ம பழைய கஸ்டமர்". எந்த அடிப்படையில் முதல் கடன் கொடுத்தோம் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு நாள் ஒரு தவணை தவறும்போதுதான் பழைய ஃபைலை தூசி தட்டி எடுப்பார்கள். விமானத்துக்கும் மனிதனுக்கும் நடுவே இந்தக் கணக்கு நூறு வருடங்களுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் கடன் 1914 ஜூன் 18 அன்று, பாரிஸ் அருகே சீன் நதிக்கு மேலே கொடுக்கப்பட்டது. விமானப் பாதுகாப்புக்கான ஒரு போட்டி. கலந்துகொண்டவர்களில் ஒருவர் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற அமெரிக்கர். வயது 21, கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற வயது. அவர் கொண்டுவந்த கருவியின் தத்துவம் நம் ஊர்ப் பம்பரம்தான். வேகமாகச் சுழலும் பம்பரத்தைத் தட்டிவிட்டாலும் அது நிமிர்ந்தே நிற்கப் பார்க்கும் அல்லவா? அப்படிச் சுழலும் சக்கரங்களை வைத்து விமானம் சாய்வதைக் கண்டுபிடித்து, தானாகவே அதைச் சமப்படுத்தும் ஏற்பாடு.

காகிதத்தில் விளக்கியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஸ்பெர்ரி விவரமானவர். முதல் தடவை கூட்டத்துக்கு முன்னால் பறந்துவரும்போது இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். அடுத்த தடவை அவருடைய மெக்கானிக் எமில் காஷான் இறக்கைமேல் இறங்கி நடந்தார். எடை ஒரு பக்கம் போனதும் விமானம் சாய்ந்திருக்க வேண்டும். சாயவில்லை. மூன்றாவது தடவை ஸ்பெர்ரியும் எழுந்து மறுபக்க இறக்கைக்குப் போய்விட்டார். ஓட்டுகிற இருக்கையில் ஆளே இல்லை! பரிசு 50,000 பிராங்க்.

ஸ்பெர்ரி 1923 டிசம்பரில் தன் சிறிய விமானத்தில் இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கும்போது கடலில் விழுந்து இறந்துபோனார். அவருக்கு அப்போது 31 வயது நிறைவதற்குச் சில நாட்கள் பாக்கி.

1947 செப்டம்பரில் அமெரிக்க விமானப்படையின் சி-54 விமானம் ஒன்று கனடாக் கரைக்கு அருகிலிருக்கும் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி, அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்தில் இறங்கியது. ஏறியது, பறந்தது, இறங்கியது எல்லாமே தானியங்கி முறையில். இந்தியா சுதந்திரம் அடைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது! அப்போதே இது முடிந்தது என்றால், பயணிகள் விமானத்துக்கு வர ஏன் அவ்வளவு நாள் ஆனது? செய்ய முடியும் என்பது வேறு, தினமும் பிள்ளைகுட்டியோடு போகிறவர்களை ஏற்றிக்கொண்டு செய்யலாம் என்பது வேறு. அந்த இடைவெளியைக் கடக்க 18 வருடங்கள் ஆயின.

கடக்க வைத்தது லண்டன் மூடுபனி. பனி இறங்கினால் விமானங்களை வேறு ஊருக்குத் திருப்ப வேண்டும், அல்லது ரத்து செய்ய வேண்டும். இரண்டுமே நஷ்டம். 1965 ஜூன் 10 அன்று பாரிஸிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வந்த டிரைடன்ட் விமானம், பயணிகளோடு தரையைத் தொடும் கடைசிக் கட்டத்தைத் தானாகவே செய்தது. பயணிகள் விமானத்தில் அதுதான் முதல் முறை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் இதற்கு வைத்த பாதுகாப்பு அளவுகோல், ஒரு கோடி லேண்டிங்கில் ஒன்றுக்குமேல் உயிர்ச்சேதம் வரக்கூடாது என்பது. அதற்காக அவர்கள் செய்த ஏற்பாடு கிராமத்துப் பஞ்சாயத்து மாதிரி. ஒரே வேலைக்கு ஒன்றல்ல, மூன்று ஆட்டோபைலட் அமைப்புகள். மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று மட்டும் மாறாகச் சொன்னால், மற்ற இரண்டும் சேர்ந்து அதை ஒதுக்கிவிடும். அதுவும் முதலில் நல்ல வானிலையில் மட்டும், பைலட் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அப்புறம்தான் படிப்படியாகப் பனிக்குள் போனார்கள். ஜாமீன் இல்லாமல் கடன் இல்லை என்கிற பழைய காலத்து வங்கி மேனேஜர் புத்தி. அந்த மூன்று பேர் பஞ்சாயத்து பின்னால் மறுபடியும் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை குறைவாக இருப்பது ஒரு பிரச்சனை. அது கூடிப்போவது இன்னொரு பிரச்சனை. 1972 டிசம்பர் 29 இரவு, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401-ம் விமானம் மயாமியில் இறங்க வந்தது. முன் சக்கரம் சரியாக இறங்கிவிட்டது என்று காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. 2000 அடியில் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு, காக்பிட்டில் இருந்த எல்லோரும் அந்த விளக்கை நோண்ட ஆரம்பித்தார்கள். இதற்கிடையில் எப்படியோ கட்டுப்பாட்டுத் தண்டு லேசாகத் தள்ளப்பட்டு, உயரத்தைப் பிடித்து வைத்திருந்த வசதி விலகிவிட்டது. எச்சரிக்கை மணி ஒலித்ததை யாரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல மெல்ல இறங்கிச் சதுப்பு நிலத்தில் மோதியது. இறந்தவர்கள் 101 பேர். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. பல்புதான் ஃப்யூஸ்.

இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று அவர்கள் நினைத்ததைத் தப்பென்று சொல்லிவிடலாம். ஆனால் ஆயிரம் தடவை அது பார்த்துக்கொண்டதே? ஆயிரத்தோராவது தடவையும் சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்க மனித மனத்தால் முடியுமா? வீட்டுக்கு வரும் பால்காரர் கணக்கைக் கூட முதல் மாதம்தான் ஒவ்வொரு நாளாகச் சரிபார்ப்பார்கள்.

இந்தியாவில் இந்தக் கதை 1990 பிப்ரவரி 14 அன்று நடந்தது. பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605. ஏர்பஸ் ஏ320 ரகம், வாங்கி இரண்டு மாதம் கூட முழுசாக ஆகாத புத்தம் புது விமானம். அந்த ரகமே உலகத்துக்குப் புதிது, 1988-ல்தான் சேவைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெரும்பாலான பயணிகள் விமானங்களில் பைலட் தண்டை இழுத்தால் கம்பிகளும் எண்ணெய் அழுத்தமும் வழியாக அது இறக்கைக்குப் போகும். இதில் பைலட் கம்ப்யூட்டரிடம் சொல்கிறார், கம்ப்யூட்டர்தான் விமானத்திடம் சொல்கிறது. இறங்குவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள். எந்த முறையில் இருக்கிறோம் என்பதைத் திரையில் சின்ன எழுத்துகள் காட்டும்.

அன்றைக்கு விமானம் இருந்த முறையில் எஞ்சின்கள் குறைந்தபட்ச சக்திக்குப் போய்விட்டன. காக்பிட்டில் இருந்தவர்கள் அதை உணர்ந்து சக்தியைக் கூட்டுவதற்குள் வேகம் குறைந்து, உயரமும் போய்விட்டது. ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். பைலட்கள் ஒன்றை நினைத்திருக்கிறார்கள், விமானம் வேறொன்றைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. சொன்னதைச் சரியாகச் செய்த இயந்திரம், என்ன சொன்னோம் என்பது தெரியாத மனிதர்கள். இந்த இரண்டும் ஒரே அறையில் இருந்தால் ஆபத்துக்கு எந்தப் பாகமும் பழுதாக வேண்டியதில்லை.

அரசாங்கம் இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320 விமானங்கள் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் தரையில் நிறுத்தி வைத்தது. கம்ப்யூட்டர் விமானம் என்றாலே மக்களுக்குப் பயம்.

இப்போது அடுத்த காட்சி. 2006-ல் இண்டிகோ சேவையைத் தொடங்கியது இதே ஏ320-ஐ வைத்துத்தான். 2023 ஜூனில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 500 விமானங்களுக்கு ஒரே ஆர்டர் போட்டது. இன்றைக்கு உள்நாட்டில் பறக்கும் இந்தியர்களில் பெரும்பாலோர் ஏறி உட்காருவது அந்த ரகத்தில்தான். எத்தனை பேருக்கு 1990 ஞாபகம் இருக்கும்? ஏறும்போது என்ன ரகம் என்று கேட்பவர்களே கிடையாது. ஜன்னல் சீட் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

இது மறதியா, நம்பிக்கையா? இரண்டும் கலந்ததுதான். நடுவே பயிற்சி மாறியது, கைகள் பழகின, அனுபவம் கூடியது. அதெல்லாம் உண்மை. ஆனால் சாதாரணப் பயணி இதையெல்லாம் ஆராய்ந்து பார்த்தா நம்பினார்? பக்கத்து வீட்டுக்காரர் போய்வந்தார், மாமா பையன் போய்வந்தான், ஒன்றும் ஆகவில்லை. போதும். சீட்டு கம்பெனியில் பணம் போடுவதும் இதே வழியில்தான் நடக்கிறது என்பது கொஞ்சம் கலக்கமான விஷயம்.

சரி, பயணி இருக்கட்டும். மனிதன் ஒன்று சொல்கிறான், இயந்திரம் வேறொன்று சொல்கிறது. பைலட் யாரை நம்புவது?

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் தெற்கே யூபர்லிங்கன் என்ற ஊருக்கு மேலே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு விமானங்களுக்குச் சில நொடிகள்தான் இருந்தன. ஒன்று மாஸ்கோவிலிருந்து பார்சிலோனாவுக்குப் போன ரஷ்ய டியூ-154. பயணிகளில் பெரும்பாலோர் விடுமுறைக்குப் போன பள்ளிப் பிள்ளைகள். இன்னொன்று டிஹெச்எல் சரக்கு விமானம். இரண்டும் ஒரே உயரத்தில், ஒன்றையொன்று நோக்கி. சூரிச்சில் இருந்த கட்டுப்பாட்டு மையத்தில் அப்போது ஒரே ஒரு ஆள் இரண்டு இருக்கைகளின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசி இணைப்பிலும் பராமரிப்பு வேலை. ஆபத்தைத் தாமதமாகக் கவனித்த அவர், ரஷ்ய விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார்.

இரண்டு விமானங்களிலும் மோதலைத் தவிர்க்கும் கருவி இருந்தது. அந்தக் கருவிகள் தங்களுக்குள் பேசி, ஒன்றை மேலே போ என்றும் மற்றதைக் கீழே போ என்றும் சொல்லும். சரக்கு விமானத்துக்குக் கீழே போ என்றது, அவர்கள் இறங்கினார்கள். ரஷ்ய விமானத்துக்கு மேலே போ என்றது. ஆனால் அதற்குச் சில நொடிகள் முன்பு மனிதக் குரல் இறங்கு என்று சொல்லியிருந்தது. அவர்கள் மனிதனை நம்பினார்கள். 71 பேரும் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் குழந்தைகள்.

அந்தப் பைலட்களைத் திட்டுவது சுலபம். இரண்டில் எதற்கு முதலிடம் என்பது அன்றைய விதிகளிலும் கையேடுகளிலும் ஒரே மாதிரி, தெளிவாக எழுதப்பட்டிருக்கவில்லை என்பதுதான் விசாரணையில் வெளிவந்தது. அதன்பின் விதி திருத்தப்பட்டது. இப்போது கருவி ஒன்றைச் சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும், கட்டுப்பாட்டு மையம் என்ன சொன்னாலும். மனிதக் குரலை மீறி இயந்திரக் குரலைக் கேள் என்று எழுத்தில் போட்ட இடம் அது. அந்த ஒரு வரிக்குக் கொடுத்த விலை மேலே இருக்கிறது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் இயந்திரத்திடமே விட்டுவிடலாமே என்று தோன்றும். 1983-ல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியல் ஆய்வாளர் ஒரு சின்னக் கட்டுரையில் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். சுலபமான வேலையெல்லாம் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். மிகக் கடினமானது மட்டும் மனிதனிடம் வரும். அதுவும் எப்போது? அவன் பல நாள் கைவைக்காமல் பழக்கம் விட்டுப்போன பிறகு.

26 வருடங்கள் கழித்து, 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் மேலே அதுதான் நடந்தது. ஏர் பிரான்ஸ் 447. வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்து, அளவுகள் தாறுமாறாக வந்தன. எந்த அளவை நம்புவது என்று தெரியாத ஆட்டோபைலட், நேர்மையாகக் கையை விரித்துவிட்டது. இனி நீங்களே பாருங்கள். நள்ளிரவு, 35,000 அடி உயரம், புயல் மேகம். பைலட் மூக்கை மேலே தூக்கினார், தூக்கிக்கொண்டே இருந்தார். இறக்கைகள் தூக்கும் சக்தியை இழந்தன. இன்னொரு கொடுமை: அதற்கான எச்சரிக்கை ஒலி, வேகம் மிகவும் குறைந்துபோனதும் இந்த அளவு நம்பத்தக்கதல்ல என்று தானாக நின்றுவிட்டது. மூக்கைக் கீழே இறக்கினால், அதாவது சரியானதைச் செய்தால், வேகம் கூடி ஒலி மறுபடி அலறியது. தப்பைச் செய்தால் மௌனம். 4 நிமிடம் சொச்சத்தில் கடலில் விழுந்தது. 228 பேர்.

இந்த விபத்துகளிலெல்லாம் கூட, நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடுகளில் விழுந்த ஓட்டை என்று சொல்ல இடமிருக்கிறது. போயிங் 737 மேக்ஸ் கதை அப்படியில்லை.

எஞ்சின்கள் பெரிதானதால் சில நேரங்களில் மூக்கு மேலே போகும் போக்கு இருந்தது. அதைக் கீழே தள்ள எம்கேஸ் என்ற ஒரு மென்பொருளைச் சேர்த்தார்கள். அது தானாக வேலை செய்யும். அப்படி ஒன்று இருப்பதே பைலட்களுக்குச் சொல்லப்படவில்லை. ஏன்? பழைய 737 ஓட்டியவர்களுக்குப் புதிதாக சிமுலேட்டர் பயிற்சி தேவையில்லை என்று சொல்லித்தான் விமானத்தை விற்றார்கள். பயிற்சி என்றால் செலவு. செலவு என்றால் வாங்குபவர் ஏர்பஸ் பக்கம் திரும்பிவிடுவார்.

அந்தப் பஞ்சாயத்து ஞாபகம் இருக்கிறதா? 1965-ல் மூன்று பேர். இங்கே, காற்று எந்தக் கோணத்தில் வருகிறது என்று அளக்கும் சென்சார்கள் விமானத்தில் இரண்டு இருந்தும், எம்கேஸ் கேட்டது ஒன்றின் பேச்சை மட்டும். ஒரே ஆள் சாட்சி, அவரே நீதிபதி. அந்த ஒரு சென்சார் பொய் சொன்னபோது விமானத்தின் மூக்கு திரும்பத் திரும்பக் கீழே தள்ளப்பட்டது. 2018 அக்டோபர் 29, லயன் ஏர், 189 பேர். 2019 மார்ச் 10, எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ், 157 பேர். உலகம் முழுவதும் மேக்ஸ் விமானங்கள் நிறுத்தப்பட்டன. அமெரிக்காவில் 20 மாதம், இந்தியாவில் 2021 ஆகஸ்ட் வரை.

2021 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறையோடு போயிங் செய்துகொண்ட உடன்பாட்டின் தொகை 2.5 பில்லியன் டாலருக்கும் மேல். அதை எப்படிப் பிரித்தார்கள் என்று பாருங்கள். விமான நிறுவனங்களுக்கு இழப்பீடு 1.77 பில்லியன். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 500 மில்லியன். பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்த யாருக்கும் இந்த இரண்டு எண்கள் போதும்.

பெங்களூர் விபத்துக்குப் பின் நம்பிக்கை திரும்பியதற்கும், மேக்ஸ் விஷயத்தில் இன்னமும் சிலர் டிக்கெட் எடுக்கும்போது விமான ரகத்தைத் தேடிப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இங்கேதான். இயந்திரம் தப்புச் செய்தால் ஜனங்கள் காலப்போக்கில் மன்னித்துவிடுகிறார்கள். கணக்குப் புத்தகத்தை மறைத்தால் மன்னிப்பது ரொம்பக் கஷ்டம். பைலட்கள் இன்னும் மோசம். தன் விமானத்தில் தனக்குத் தெரியாமல் ஒரு கை இருந்தது என்று தெரிந்த பிறகு எதை நம்பிப் பறப்பது?

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. அது போர் விமானங்களில் நடந்தது.

எஃப்-16 ஓட்டும் பைலட்கள் திடீரென்று திரும்பும்போது உடல்மேல் விழும் பாரத்தில் மூளைக்கு ரத்தம் போகாமல் மயங்கிவிடுவது உண்டு. விமானம் தரையை நோக்கிப் பாயும். இலக்கின்மீது கவனமாக இருந்து தரையை மறந்துவிடுவதும் உண்டு. இப்படி நிறையப் பேர் இறந்திருக்கிறார்கள். நாசாவும் அமெரிக்க விமானப்படையும் லாக்ஹீட் மார்ட்டினும் சேர்ந்து பல வருடங்கள் உழைத்து ஒரு தானியங்கி அமைப்பைச் செய்தார்கள். தரையில் மோதப்போகிறது என்று தெரிந்தால், பைலட்டிடம் கேட்காமல் கட்டுப்பாட்டைப் பிடுங்கி, விமானத்தை நிமிர்த்தி மேலே தூக்கிவிடும். 2014-ல் எஃப்-16 விமானங்களில் வந்தது.

போர் விமான பைலட்டிடம் போய், "உன் கையிலிருந்து ஒரு பெட்டி விமானத்தைப் பிடுங்கும்" என்று சொன்னால் என்ன நடக்கும்? யாருக்கும் பிடிக்காது. அதற்கு முன்பிருந்த எச்சரிக்கைக் கருவிகள் வேறு, தேவையில்லாத நேரத்தில் கத்திக் கத்திப் பெயரைக் கெடுத்து வைத்திருந்தன. இதைச் செய்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. அதனால் அமைப்புக்கு மூன்று கட்டளைகள் வைத்தார்கள், வரிசையோடு. முதலாவது, தீங்கு செய்யாதே. இரண்டாவது, பைலட்டின் வேலைக்குக் குறுக்கே வராதே. மோதலைத் தடு என்பது மூன்றாவதுதான்! உயிரைக் காப்பாற்றுவதற்காகவே செய்த கருவிக்கு, காப்பாற்றுவது மூன்றாம் இடத்தில். கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் குறுக்கே வந்துகொண்டே இருந்தால் பைலட் சுவிட்சை அணைத்துவிடுவார். அணைத்து வைத்த கருவி யாரைக் காப்பாற்றும்? அதனால் அது கடைசி நொடிவரை, எந்த மனிதனும் தானாகவே இழுத்திருக்க வேண்டிய கட்டத்தையும் தாண்டி, பொறுமையாகக் காத்திருக்கும்.

2016-ல் அமெரிக்காவில் பயிற்சியில் இருந்த ஒரு மாணவ பைலட் ஆகாயத்தில் மயங்கிவிட்டார். விமானம் மூக்கைக் கவிழ்த்து, ஒலியின் வேகத்தை ஒட்டித் தரையை நோக்கிப் பாய்கிறது. பக்கத்து விமானத்தில் இருந்த ஆசிரியர் ரேடியோவில் கத்துகிறார். பதில் இல்லை. சுமார் 8,700 அடியில் அமைப்பு கட்டுப்பாட்டை எடுத்துத் திருப்பித் தூக்கியது. சில நொடிகளில் மாணவரும் விழித்துக்கொண்டார். அந்த விமானத்துக்குள் பதிவான காட்சியை வெளியே விட்டார்கள். ஸ்பெர்ரி கையைத் தூக்கிக் காட்டிய அதே வேலையை அந்தக் காணொளி செய்தது.

அமெரிக்க விமானப்படையின் ஆய்வாளர்கள் இந்த அமைப்பு வந்த காலத்திலிருந்தே பைலட்களிடம் வருடக்கணக்கில் பேசி, நம்பிக்கை எப்படி மாறுகிறது என்று பதிவு செய்திருக்கிறார்கள். புள்ளிவிவரத்தைவிட, இன்னாரை அது காப்பாற்றியது என்கிற கதைகள்தான் பைலட்களின் மனதை அதிகம் மாற்றின. தேவையில்லாமல் ஒரு தடவை குறுக்கே வந்தால் சந்தேகம் மீண்டும் தலைதூக்கியது. இதுவரை பத்துக்கும் மேற்பட்ட பைலட்கள் இதனால் உயிரோடு இருக்கிறார்கள்.

நம்பிக்கைக்கு இன்னொரு பக்கம் உண்டு. மாற்று வழி என்ன என்பது. ருவாண்டாவில் 2016 அக்டோபரிலிருந்து ஜிப்லைன் நிறுவனத்தின் ஆளில்லா விமானங்கள் மலைப்பகுதி மருத்துவமனைகளுக்கு ரத்தம் கொண்டுபோய் பாராசூட்டில் போடுகின்றன. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத பெண்ணின் தலைமாட்டில் நிற்கிறவர்களிடம் போய் 54 சதவீதக் கணக்கு கேட்க முடியாது.

இப்போது எங்கே வந்து நிற்கிறது? சீனாவின் குவாங்சோவைச் சேர்ந்த ஈஹாங், இரண்டு பேர் உட்காரும் ஆளில்லாப் பறக்கும் வாகனத்துக்கு 2023 அக்டோபரில் சான்றிதழ் வாங்கிவிட்டது. 2025 மார்ச்சில் அதை வணிக ரீதியாக இயக்கவும் அனுமதி கிடைத்தது. உள்ளே ஓட்டுவதற்கு ஸ்டியரிங்கோ தண்டோ எதுவும் கிடையாது.

அமெரிக்காவில் 2025 டிசம்பர் 20 அன்று கொலராடோவில் ஒரு கிங் ஏர் விமானத்தில் காற்றழுத்தம் போய்விட்டது. உள்ளே இரண்டு பைலட்கள் மட்டும். கார்மின் நிறுவனத்தின் தானியங்கி இறக்கும் அமைப்பு தானாக விழித்து, விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, ரேடியோவில் கம்ப்யூட்டர் குரலில் "பைலட் செயலிழந்துவிட்டார்" என்று அறிவித்து, பத்திரமாக இறக்கியது. இரண்டு பேரும் ஆக்சிஜன் முகமூடியோடு முழு நினைவில்தான் இருந்தார்கள். அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. நிஜ ஆபத்தில் அந்த அமைப்பு முழுசாக ஒரு விமானத்தை இறக்கியது அதுதான் முதல் முறை.

அதே 2025-ல் ஐரோப்பாவில் இன்னொரு கணக்கு முடிவுக்கு வந்தது. நீண்ட பயணங்களில் நடுவழியில் ஒரே ஒரு பைலட் காக்பிட்டில் இருந்தால் போதுமா, மற்றவர் தூங்கப் போகலாமா என்பது கேள்வி. அப்படி நடந்தால் ஒரு விமானத்துக்கு வேண்டிய பைலட்களைக் குறைக்கலாம், காசும் மிச்சம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு முகமை ஆராய்ந்துவிட்டு, இப்போதைய காக்பிட்டை வைத்துக்கொண்டு அது இரண்டு பேருக்குச் சமமான பாதுகாப்பு என்று காட்ட முடியாது என்று சொல்லிவிட்டது. சொன்ன காரணங்களில் களைப்பு இருக்கிறது, திடீர் மயக்கம் இருக்கிறது, தூக்கத்திலிருந்து எழுப்பினால் உடனே மூளை வேலை செய்யாதது இருக்கிறது. அவற்றோடு, தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவருக்கு நடுவில் பாத்ரூம் வந்தால் என்ன செய்வது என்பதும் இருக்கிறது.